பிலோமினாவுக்கு ஓர் ஆங்கில வெண்பா

நம் மலாய்த் தீவில், சூலியா தெருவில் காதர் நானாவின் டீக்கடை. சாயங்காலம். பெய்வதா வேண்டாமா என்று மழை யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்து அருளப்பன் ஆள்காட்டி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் தந்தி ஆபீஸ் குமாஸ்தா. அந்த விரலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கோயிலில் முழங்காலிட்டு ஜெபம் சொல்லும்போதுகூட அது தொடைமேல் எதையாவது சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அன்று அனுப்பியது ஒரு பாட்டை. சில வாரங்களுக்கு முன் காசத்தில் இறந்துபோன தன் மனைவிக்கு அவன் எழுதிய பாட்டு. வரி அளவாக வருகிறதா என்று தட்டிப் பார்த்தான். நம்பிக்கை வராமல் நானும் தட்டிப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் மேசைய அடிக்காதீங்க தம்பி, டீ கொட்டுதுலா," என்றார் காதர் நானா. "கச்சேரி வைக்கணும்னா பாடாங் திடலுக்குப் போங்க."

"கச்சேரி இல்ல நானா. கல்லறைக்கு," என்றான் அருளப்பன்.

நானா, கொட்டின டீயைத் துடைத்துவிட்டு வேறு டீ கொண்டுவந்து வைத்தார்.

நவம்பர் பிறந்ததும் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள் வரும். அதற்குள் பிலோமினாவின் கல் நடப்பட வேண்டும். அதில் இந்தப் பாட்டு இருக்க வேண்டும். அருளப்பனுக்கு வேண்டியது அவ்வளவுதான். பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அதனால்தான் என்னைத் தேடி வந்தான்.

என் பட்டம்

என்னை ஏன் தேடி வந்தான் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். இந்தத் தொடரை இத்தனை வாரம் படித்தும் என்னிடம் கவிதைக்கான அறிகுறி எதையும் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

வாலிபத்தில் நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று என் செய்யுளை வெளியிட்டது. கொசுவைப் பற்றியது. காய்ச்சலில் கிடந்தபோது மனம் நொந்து எழுதியது. ஆசிரியர் அதை நகைச்சுவைப் பகுதியில் போட்டுவிட்டார். அன்று முதல் நான் வேலை செய்த கப்பல் கம்பெனியில் எனக்கு 'பொயட்' என்று பெயர். கணக்கப்பிள்ளையிலிருந்து காவல்காரன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாண வாழ்த்தோ, ஊருக்குத் திரும்பும் துரைக்கு உபசாரப் பாட்டோ, ஆங்கிலச் செய்யுள் சம்பந்தப்பட்ட எந்த வியாதிக்கும் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் வைத்தியன்.

வைத்தியம் படித்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில யாப்பு நூலில். அட்டையும் முதல் பக்கங்களும் இல்லை. ஆகவே எழுதியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது; ஆங்கிலேயர் ஏன் கவிதை எழுதுகிறார்கள் என்ற காரணமும் அந்தப் பக்கங்களோடு போயிருக்க வேண்டும். மிஞ்சிய பக்கங்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லின.

ஐயாம்ப், ட்ரோக்கி, டாக்டில், அனபெஸ்ட் என்று மருந்துக்கடைப் புட்டிகளைப் போன்ற பெயர்கள். நமக்குச் சீர் என்றால் அவர்களுக்கு அடிவைப்பு. சானெட் என்பது பதினான்கு வரி, பெரும்பாலும் காதலிக்கு, பதினைந்தாவது வரி எழுதினால் காதல் செல்லாது. பாலட் என்றால் கதைப்பாட்டு; யாராவது தண்ணீரில் மூழ்க வேண்டும். பிளாங்க் வெர்ஸ் என்பது வரிக் கடைசியில் ஒலி ஒன்றாமல் எழுதிவிட்டு, வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன் என்று சாதிப்பது. இறந்தவர்களுக்கென்றே ஒரு நாலடி வடிவம் உண்டு. அது மெதுவாக, காலை இழுத்து இழுத்து நடக்கும்.

இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அடிப்படை மட்டும் பல வருஷம் புரியவில்லை.

வளைவும் கோடும்

அந்த நூல் ஒவ்வோர் அசையின் தலையிலும் ஒரு குறி போட்டிருந்தது. சிலவற்றுக்குக் குட்டி வளைவு, சிலவற்றுக்குக் கோடு. வளைவுக்குக் குட்டை என்றும், கோட்டுக்கு நீளம் என்றும் பெயர்.

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டாம். குறில், நெடில்! திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த எங்கள் தமிழ் வாத்தியார் என் முதுகில் பிரம்பால் போதித்த அதே குறிலும் நெடிலும். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று சூலியா தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆங்கிலக் கவிதை ஒவ்வொன்றையும் நெடிலை நீட்டிக் குறிலைக் குறுக்கிப் படித்தேன். எதுவும் அளவாக வரவில்லை. அவர்களுக்கு அளக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் துறைமுகத்தில் குடித்திருந்த ஒரு கப்பல் அதிகாரி பெட்டிமேல் உட்கார்ந்து ஏதோ பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே உள்ளங்கையால் தொடையில் அடித்தார். அடி நெடிலில் விழவில்லை. குறிலோ நெடிலோ, எந்த அசையில் மூச்சைப் பிடித்து அழுத்தினாரோ, அதில் விழுந்தது.

அப்போதுதான் விளங்கியது. நாம் நீளத்தை அளக்கிறோம். அவர்கள் எடை போடுகிறார்கள். நூல் குட்டை, நீளம் என்று சொன்னது பழைய பழக்கத்தில். அதை நம்பி ஏமாற உலகத்தில் தமிழனால் மட்டும்தான் முடியும். நாம் பேசும் ஆங்கிலத்தில் எல்லா அசைக்கும் சமஉரிமை கொடுத்துவிடுகிறோம். அவர்கள் ஊரில் ஒன்று துரை, மற்றவை கூலி.

இதை அருளப்பனுக்கு விளக்குவதுதான் அன்றைய சாயங்காலத்தின் கஷ்டம். அவன் என் பழைய நோயை அப்படியே கொண்டுவந்திருந்தான். தந்திக்காரன் வேறு.

"நீட்டாதே. அழுத்து," என்றேன்.

"அழுத்தினா ஒண்ணும் ஆவாதுண்ணே. தந்திக் கட்டைய எவ்வளவு நேரம் புடிக்கிறோம்ங்கறதுதான் கணக்கு. நான் இங்க கோபமா அழுத்தினேனா, அழுதுகிட்டு அழுத்தினேனா, சிங்கப்பூர்ல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

உப்பு, சோறு, படகு

பிலோமினா பெற்றோர் யாரென்று தெரியாமல், கன்னியாஸ்திரீகள் நடத்திய கன்னிமாடத்தில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், மலாயில் மீன்காரனோடு சண்டை போடுவாள், வாசிக்கத் தெரிந்தது மட்டும் ஆங்கிலம். தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. கருவாடு சுற்றிவரும் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டைப் பிரித்து, கறையைத் துடைத்து, கப்பல் வருகை, குதிரைப் பந்தயம் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பாளாம். சோறு அதுபாட்டுக்குக் குழையும்.

அருளப்பனோ தஞ்சாவூர்ப் பக்கம் தமிழ் படித்து வந்தவன். வெண்பா எழுதுவான். ஆனால் எழுதியதை அவளுக்குக் காட்ட முடியாது.

"தமிழ்ல எழுதி வச்சா ஊரே வாசிக்கும். அவ வாசிக்க மாட்டாளே அண்ணே," என்றான்.

அவன் கொடுத்த தாளில் நாலு வரி இருந்தது. ஆங்கிலம்தான், வாசகர் வசதிக்குத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஸால்டட் த ரைஸ் ட்வைஸ் அண்ட் ஸ்கோல்டட் த ரைஸ்;
ஹால்டட் ஹர் காஃபிங் அன்டில் ஐ ஹாட் ஸ்லெப்ட்;
ஃபெர்ரிபோட் ஃப்ரைட்டண்ட் ஹர், ஐஸ் ஷட் அண்ட் ப்ரேயிங்;
மெர்ரி த மோமெண்ட் ஆஃப் ஷோர்.

சோற்றில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டுச் சோற்றையே திட்டினாள். நான் தூங்கும்வரை இருமலை நிறுத்திவைத்தாள். அக்கரைக்குப் போகும் படகென்றால் பயம், கண்ணை மூடிக்கொண்டு ஜெபம். கரை தட்டியதும் ஒரே குதூகலம்.

"எழுவாயையே காணோமே," என்றேன். "அவள் என்று ஒரு வார்த்தை வேண்டாமா?"

"கல்லுக்கு அடியில யாரு இருக்கான்னு தெரியாதா அண்ணே?"

தாளை மறுபடியும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஆங்கிலத் துணியில் தைத்த வெண்பா அது. ஸால், ஹால், ஃபெர், மெர். நம் வழக்கப்படி எதுகை வரியின் தலையில் இருந்தது. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீர்தானே, அதனால் கடைசி வரி குட்டை. முடிவில் 'ஷோர்' என்று ஓரசைச் சீர். மூன்றாம் வரியில் தளை தட்டுகிறது என்று அவனுக்கு விசாரம் வேறு.

நான் அதைக் கப்பல் அதிகாரியைப்போல் தொடையில் அடித்துப் படித்தேன். தூக்கிவாரிப்போட்டது. எதுகைக்காக ஒவ்வொரு வரியையும் கனமான அசையில் அவன் தொடங்கியிருந்ததால், ஆங்கில எடையிலும் அது ஓடியது. ஓங்கி ஒன்று, லேசாக இரண்டு. ஓங்கி ஒன்று, லேசாக இரண்டு. குதிரையைப்போல. என் நூல் இந்த நடைக்கு டாக்டில் என்று பெயர் சொல்லி, வேட்டைக்கும் போருக்கும் குழந்தை விளையாட்டுக்கும் ஏற்றது என்றது. சாவைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

சாமியாரின் விரல்கள்

கல்லறைத் தோட்டத்தில் என்ன எழுத்து வெட்டுவதானாலும் கோயிலின் பங்குச் சாமியார் பார்த்து ஒப்ப வேண்டும். அவர் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் தமிழ் படித்தவர். பேசினால் அச்சுப் புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். நான் விபூதிக்காரன், இருந்தாலும் வைத்தியன் என்ற முறையில் கூடப் போனேன்.

தாளை வாங்கிப் படித்தார். மேசைக்கு அடியில் விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன்.

"பத்து. பத்து. பதினொன்று. ஏழு," என்றார். "அருளப்பா, உன் கடைசி வரிக்குக் கால் ஒடிந்திருக்கிறது."

பிரெஞ்சுக்காரர்கள் கவிதையில் நீளத்தையும் அளப்பதில்லை, எடையும் போடுவதில்லை. அசைகளை எண்ணுகிறார்கள். ஆக, ஓர் ஆங்கிலப் பாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்க அந்த அறையில் எண்ணுகிறவர் ஒருவர், அளக்கிறவன் ஒருவன், எடைபோடக் கற்றுக்கொண்டிருந்தவன் ஒருவன். ஆங்கிலேயர் யாருமில்லை. சுவரில் போப்பாண்டவர் படம் இருந்தது, அவரும் இத்தாலியர்.

"வெண்பாவில் ஈற்றடி அப்படித்தான் சாமி," என்றேன். "ஆங்கிலக் காதுக்கும் இது ஓடும். படித்துக் காட்டட்டுமா?"

படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அங்கிக்குக் கீழே செருப்பு அசைந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. அவரும் தம் செருப்பைக் கவனித்துவிட்டார். நிறுத்திக்கொண்டார்.

"ஆடுகிறது," என்றார். "மரித்தோர் முன்னிலையில் ஆடலாகாது. மேலும், வரியின் முடிவில் ஒலி ஒன்ற வேண்டுமே, அது எங்கே?"

"முன்னாடி இருக்கு சாமி," என்றான் அருளப்பன்.

"முன்னாலா? வாலை முகத்தில் வைத்திருக்கிறாய், பிள்ளாய்."

தீர்ப்பு: நாலு வரியும் பத்துப் பத்து அசை, முடிவில் ஒலி ஒன்ற வேண்டும், நடை நிதானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரும் தேதியும் போதும்.

அவர் கெட்ட மனிதரல்ல. பிலோமினா படுக்கையில் கிடந்தபோது வாரந்தோறும் வந்து, நன்மை என்று அவர்கள் சொல்லும் திருவப்பம் கொடுத்தவர். கல்லில் வெட்டியது அழியாது என்ற பயம் அவருக்கு. நாளை இன்னொருவன் என்னென்னவோ எழுதிக்கொண்டு வருவான்.

வெளியே வந்ததும் அருளப்பனிடம் சொன்னேன். "பெயரும் தேதியும் போதுமென்று விட்டுவிடேன்."

"அப்புறம் அவ வாசிக்கறதுக்கு என்னண்ணே இருக்கு அங்க? செஞ்சு குடுங்க. பத்துப் பத்தா."

வைத்தியம்

செய்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் காதர் நானா கடையில்.

முதலில் உப்பும் சோறும் இருக்கும்படியே பத்து அசைக்குள் கொண்டுவந்தேன். சாமியார் எண்ணிப் பார்த்து, "உப்பு வேதாகமத்தில் உண்டு. சோறு இல்லை," என்றார். சோறு போனதும் உப்பு தனியாக நிற்கவில்லை, அதுவும் போயிற்று. இருமல் என்ற சொல் வரிக் கடைசியில் வந்தால் அதோடு ஒன்றும் ஆங்கிலச் சொல் மாட்டுத் தீவனத் தொட்டியைத்தான் குறித்தது. இருமல் பெருமூச்சாயிற்று. பெருமூச்சு அடுத்த திருத்தத்தில் உறக்கமாயிற்று. படகைக் கடைசிவரை வைத்திருந்தேன். அது வானவர் செலுத்தும் படகாக மாறினால் இருக்கலாம் என்றார் சாமியார். பிலோமினா விரும்பி எந்தப் படகிலும் ஏற மாட்டாள் என்று அருளப்பனே அதை எடுத்துவிட்டான்.

முடிவில் நின்றது இது:

ஹர் ஜென்ட்டில் ஹாண்ட் இஸ் லெய்ட் இன் பீஸ் டு ஸ்லீப்,
அண்ட் வீ ஆர் லெஃப்ட் எ லிட்டில் வைல் டு வீப்.

அவளது மென்மையான கரம் அமைதியில் உறங்குகிறது. சிறிது காலம் அழ நாம் எஞ்சியிருக்கிறோம். அடுத்த இரண்டு வரியில் வானம், வாசல், மறுபடியும் சந்திப்பு. நீங்களே எழுதிக்கொள்ளலாம், அப்படித்தான் நானும் எழுதினேன்.

இந்த வரிகளை வைத்துக்கொண்டுதான் அருளப்பனுக்கு எடை பிடிபட்டது. லேசாக ஒன்று, ஓங்கி ஒன்று. ஹர் *ஜென்*ட்டில் *ஹாண்ட்*. அழுத்தும் இடத்திலெல்லாம் தலையை ஆட்டிப் பழகினான்.

"நல்லா இருக்குண்ணே," என்றான். "எங்க அழுத்தணும்னு தன்னாலயே தெரியுது." மறுபடி தாளைப் பார்த்து, "மென்மையான கைன்னு போட்டிருக்கீங்க. கன்னிமாடத்துல துணி வெளுத்த கைண்ணே அது. என் சட்டையத் தடவினா நூலு மாட்டும்."

"பத்து அசைக்குள் வேறு கை வரவில்லை, அருளப்பா."

"சரி. இருக்கட்டும்."

சாமியார் எண்ணினார். பத்து, பத்து, பத்து, பத்து. கையெழுத்துப் போட்டார். கல் கொத்துகிற சீனர் ஆ சோங், பாட்டைத் தகரத்தில் எழுத்தெழுத்தாக வெட்டி, அந்தத் தகட்டைக் கல்மேல் வைத்துக் கோடிழுத்துக்கொண்டு உளி வைத்தார். மேலே பாட்டு, அடியில் பெயரும் தேதியும். திருநாளுக்குள் கல் நின்றுவிட்டது. அதன்பின் சில மாதங்களில் அருளப்பனை அக்கரையில் தைப்பிங் ஊர் ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதிகப் பதிப்புக் கண்ட என் படைப்பு

ஐரோப்பாச் சண்டை முடியும் சமயத்தில் பெரிய காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுத மனமில்லை. சவப்பெட்டி செய்யப் பலகை கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கொஞ்சம் அடங்கியதும் மிஞ்சியவர்கள் கல் வைக்க வந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு வரியாவது வேண்டும். சாமியாருக்கு எண்ணிப் பார்க்க நேரமில்லை. அவரே காய்ச்சலில் விழுந்து எழுந்தவர். ஏற்கெனவே ஒப்பிய பாட்டு ஒன்று இருந்தது. ஆ சோங்கிடம் தகடும் இருந்தது. மனைவிக்கானாலும், தாய்க்கானாலும், மகளுக்கானாலும் பொருந்தியது. ஆண்பிள்ளை என்றால் 'ஹர்' என்பதை 'ஹிஸ்' என்று மாற்றினால் போதும். அசை ஒன்றும் கெடாது.

நான் எழுதியவற்றில் இத்தனை பதிப்புக் கண்டது வேறில்லை.

கல்லறைத் திருநாள்

காய்ச்சல் வருஷத்தில் தந்தி ஆபீஸில் ஆளில்லை, அருளப்பனால் வரமுடியவில்லை. அடுத்த வருஷம் ரயிலேறி, படகேறி வந்துசேர்ந்தான். நான் குடையோடு துறையில் காத்திருந்தேன். மெலிந்திருந்தான். கண்ணாடி போட்டிருந்தான்.

நாங்கள் போய்ச் சேரும்போது மழை விட்டு, வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தோட்டம் எங்கும் மெழுகுவர்த்தி. புல் முழங்காலுக்கு இருந்தது. வெட்டுகிற ஆளும் காய்ச்சலில் போய்விட்டான். முன்பு வெறும் தரையாக இருந்த இடமெல்லாம் ஒரே அளவுச் சின்னக் கற்கள்.

அருளப்பன் விடுவிடுவென்று முன்னால் நடந்தான். ஒரு கல்லின் முன் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் பார்த்தான். முழங்காலிட்டான். கொண்டுவந்த மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் வரிசையாக நட்டு ஏற்றினான். பூவை வைத்தான்.

அப்புறம் மெல்லச் சொன்னான். கல்லில் இருந்ததை அல்ல. ஸால்டட் த ரைஸ் ட்வைஸ். தன் பாட்டை, தன் பழைய முறையில், நெடிலை நெடிலாக நீட்டி, எங்கும் அழுத்தாமல், வெண்பா சொல்கிற ஓசையில். ஃபெர்ரி. மெர்ரி. ஷோர். நான் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

சொல்லி முடித்து, கல்லின் அடியைத் துடைப்பதற்காகப் புல்லை விலக்கினான். கை நின்றது.

"அண்ணே. இது செசிலியா."

நான் குனிந்து பார்த்தேன். செசிலியாதான். யாரோ ஒரு செசிலியா.

அவன் எழுந்து பக்கத்துக் கல்லைப் பார்த்தான். ஹர் ஜென்ட்டில் ஹாண்ட். அதற்கடுத்ததைப் பார்த்தான். பின்னால் திரும்பினான்.

"இதுல என்னோடது எதுண்ணே?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கல் கல்லாகக் குனிந்து, ஈரப் புல்லை விலக்கிப் பெயரைப் பார்த்துக்கொண்டு போனோம். மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

அடுத்த வரிசைக் கோடியில் இருந்தாள்.

அவனிடம் மெழுகுவர்த்தி மிச்சமில்லை. "அங்கிருந்து இரண்டு எடுத்துவரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே. அதுக்கு யாரும் வரல போல. எரியட்டும்."

முழங்காலிட்டான். தன் நாலு வரியை இங்கே சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கல்லில் இருந்ததை முதலிலிருந்து உரக்கப் படித்தான். லேசாக ஒன்று, ஓங்கி ஒன்று. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் தலை அசைந்தது. நான் கற்றுக்கொடுத்தபடியே, ஓரிடத்திலும் பிசகாமல் படித்து முடித்தான்.